பதினேழாவது குடம்

முப்பத்தொரு குடங்கள் வரைந்தேன்.
மனிதர் ஒருவரும் இல்லை.
அதிகாலை நாலே கால்,
மெட்ரோ வாட்டர் லாரி இன்னும் வரவில்லை.

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் அப்படித்தான்.
குடத்தை வைத்துவிட்டு
ஆள் போய்த் தூங்கலாம்.
குடம்தான் ஆள்.
விளிம்பு நசுங்கியது கோதண்டம் வீடு.
கழுத்தில் சிவப்பு நாடா அஸ்மத் வீடு.
ஓட்டையைப் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் அடைத்துத்
தழும்போடு நிற்பது நாங்கள்.

மாவட்டத்தில் முதலிடம் வந்தது,
மாநிலத்திலும்.
பிறகு ஓர் அட்டைக் குழாயில் சுருட்டி
டெல்லிக்கு அனுப்பிவிட்டார்கள்.
கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே நான் போனதில்லை.
குடங்கள் போயிருக்கின்றன,
முப்பத்தொன்றும் காலியாக.

படிவத்தில் ஒரு பெரிய கட்டம்:
‘படைப்பின் கருத்து’.
‘எங்கள் தெரு’ என்று எழுதினேன்.
மீதி இடம் வெள்ளையாய்க் கிடப்பதைப் பொறுக்காமல்
பள்ளி அலுவலகத்தில் யாரோ நிரப்பினார்கள்:
‘தண்ணீர்ச் சேமிப்பு பற்றிய விழிப்புணர்வு.’

எதைச் சேமிப்பது?

முடிவு பத்தாம் தேதி என்றார்கள்.
பத்து வந்து போனது.
இருபத்திரண்டு என்றார்கள்.
ஜெபசீலி தனிநடிப்புக்குப் போட்டிருக்கிறாள்,
ரேஷன் கடையில் விரல் ரேகை விழாத கிழவனாக
ஏழு நிமிடம்.
அன்றிலிருந்து தன் கட்டைவிரலையே
அடிக்கடி உற்றுப் பார்க்கிறாள்.

கேட் போட்டிருந்தார்கள் நேற்று.
சைக்கிளை இடுப்பில் சாய்த்து நின்றோம்.
எண்ணெய் டேங்கர்கள் ஒவ்வொன்றாய் உருண்டன.
ஒற்றைப்படை என்றால் உனக்கு,
இரட்டைப்படை என்றால் எனக்கு.
நாற்பத்தெட்டு வரை சரியாகத்தான் எண்ணினோம்.
கடைசியில் ஆடிக்கொண்டு வரும் கார்டு பெட்டி
கணக்கில் உண்டா இல்லையா என்பதில் சண்டை.
கேட் திறந்த பிறகும்
சண்டை முடியவில்லை.
பின்னால் ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும்
ஒரே கெட்ட வார்த்தையில் திட்டினார்.

டெல்லியில் நடுவர்கள்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
படத்தின் முன் நிற்பார்களாம்.
கோணம் பார்ப்பார்கள், நிழல் பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.

எனக்கு மார்க் போட்டது நவமணி அக்கா.
செல்போனில் படத்தைக் காட்டினேன்.
மீன் செதில் ஒட்டிய இரண்டு விரல்களால்
பெரிதாக்கி, நகர்த்தி,
பதினேழாவதில் நிறுத்தினாள்.

“இது என் எடம்.”
“ஆமாக்கா.”
“என் கொடம் பச்ச. நீ இன்னாத்துக்கு
நீலமா அடிச்ச?”
பச்சை தீர்ந்துபோச்சுக்கா,
கடையில் ஒரு டியூப் எண்பது ரூபாய்.
“அப்ப அது என்னுது இல்ல.
என் எடத்துல வேற யாரோ நிக்கிறா.”

கோபமாகச் சொல்லவில்லை.
உண்மை விவரத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு
மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு இரண்டு இரவு
பரிசைப் பற்றி நினைக்கவேயில்லை.
எவளோ ஒருத்தி நீலக் குடத்தோடு
எங்கள் வரிசையில் நுழைந்துவிட்டாள்.
நான்தான் நுழைய விட்டேன்.
அவளுக்கு வீடு எது,
எத்தனை பிள்ளைகள்,
லாரி போன பிறகு எந்தப் பக்கம் திரும்பி நடப்பாள்?

இன்று இருபத்திரண்டு.
நள்ளிரவுக்கு மேல் போடுவார்கள் என்று
யாரோ சொன்னதை நம்பி
ஜெபசீலி தூங்காமல் இருக்கிறாள்.
நான் தெருவில் இருக்கிறேன்.
முனையில் லாரியின் ஹாரன்,
கதவுகள், கொட்டாவிகள், செருப்புச் சத்தம்.

இடுப்பில் செருகிய செல்போன்
ஒருமுறை அதிர்கிறது.
இன்னொரு முறை.
அவளாக இருக்கலாம்,
ரீசார்ஜ் கம்பெனியாகவும் இருக்கலாம்.

வரிசை நகர்கிறது.
நவமணி அக்கா இன்னும் எழவில்லை.
பச்சைக் குடத்தைக் காலால் தள்ளி
ஓர் அடி முன்னே வைக்கிறேன்,
அதன்பின் எங்களுடையதை.